விஸ்கியைக் கொட்டிவிட்டாயே, கார்ப்பென்டர்!

இரண்டு இதழ்களுக்கு முன்னால், ‘அமெரிக்க நாட்டுப்புறக் கதை என்றாலே குதிரையும் கௌபாயும்தானா, வேறு ஆளே கிடையாதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏன் இல்லை, மைக் ஃபிங்க் என்று ஒரு படகுக்காரர் இருந்தார், நண்பன் தலையில் குவளையை வைத்துச் சுடுவது அவருக்கு விளையாட்டு என்று நாலு வரி எழுதி முடித்துவிட்டேன். அந்த நாலு வரியை யாரும் விடுவதாக இல்லை. வந்த கேள்விகளில் பாதி இவரைப் பற்றித்தான். சரி, இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே.

கேள்வி: மைக் ஃபிங்க் நிஜமாகவே வாழ்ந்தவரா, யாரோ கட்டிவிட்டதா?

பதில்: ஆள் நிஜம். அவரைப் பற்றிய கதைகளில் முக்கால்வாசி கண், காது, மூக்கு வைத்தது.

1770-க்கும் 1780-க்கும் இடையில் ஏதோ ஒரு வருடம் பிட்ஸ்பர்க் பக்கம் பிறந்திருக்கிறார். அன்றைக்கு அது ஊர் என்று சொல்லவே தயங்கும் இடம், ஃபோர்ட் பிட் கோட்டையும் அதை ஒட்டிச் சில வீடுகளும்தான். அலெகேனி, மொனாங்கஹேலா என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடி ஒஹையோ என்ற பெயரில் மேற்கே ஓட ஆரம்பிக்கின்றன. பையனாக இருந்தபோது பூர்வகுடிகளோடு நடந்த சண்டைகளில் வேவு பார்க்கும் வேலை. சண்டைகள் ஓய்ந்து அந்த வேலை போனதும் படகில் ஏறினார். ஒஹையோ, மிசிசிப்பி இரண்டிலும் வருடக்கணக்கில் படகோட்டி, 1822-இல் மிசௌரி ஆற்றின் வழியாக மேலே போன ஒரு தோல் வியாபாரக் கூட்டத்தில் சேர்ந்து, 1823-இல் அங்கேயே குண்டடிபட்டுச் செத்தார். கையில் பிடித்துச் சொல்லக்கூடியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, செத்த பிறகு மட்டும் பிரபலமான ஆள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே, 1821-இல், செயின்ட் லூயிஸில் அல்ஃபோன்சோ வெட்மோர் என்பவர் எழுதிய ஒரு நாடகத்தில் மைக் ஃபிங்க் ஒரு பாத்திரமாக வந்துவிட்டார். 1828-இல் மார்கன் நெவில் ‘படகுக்காரர்களில் கடைசி ஆள்’ என்ற தலைப்பில் எழுதியதுதான் பெரிய திருப்பம். அதற்குப் பிறகு ஆளாளுக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: படகு ஓட்டினார் என்கிறீர்கள். ஆற்றோடு மிதந்து போவதில் அப்படி என்ன வீரம்?

பதில்: மிதந்து போவதில் ஒன்றுமில்லை. திரும்பி வருவதில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஆற்றில் இரண்டு வகைப் படகுகள். ஒன்று தட்டைப் படகு. பலகையை அடித்துச் செய்த மிதக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, விஸ்கி எல்லாம் ஏற்றி, ஆறு போகிற போக்கில் நியூ ஆர்லியன்ஸ் வரை போவார்கள். அங்கே சரக்கை விற்றுவிட்டுப் படகையும் பிரித்து மரமாக விற்றுவிட வேண்டியதுதான், ஏனென்றால் அதை எதிர்நீச்சலில் யாராலும் கொண்டுவர முடியாது. வீடு திரும்ப நடைதான். நாட்செஸிலிருந்து நாஷ்வில் வரை காட்டுப்பாதை மட்டுமே 450 மைல் சொச்சம். ஆப்ரகாம் லிங்கன்கூட இளவயதில், 1828-லும் 1831-லும், தட்டைப் படகில் நியூ ஆர்லியன்ஸ் போயிருக்கிறார். ஆக, கீழே போவது அவரவர் விவசாய வீட்டுப் பையன்களே செய்துவிடக்கூடிய வேலை.

இரண்டாவது கீல்போட். மைக்கின் படகு இதுதான். ஐம்பது அறுபது அடி நீளம், ஒடுங்கின உடம்பு, இரண்டு முனையும் கூர், அடியில் நெடுக ஒரு கட்டை, தண்ணீரில் இரண்டு மூன்று அடிதான் அமிழும். நடுவில் சரக்கு அறை. அந்த அறைக்கு இரண்டு பக்கமும் முன்னாலிருந்து பின்னால் வரை ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு நடைபலகை, கால் வழுக்காமல் இருக்க அதன்மேல் குறுக்குச் சட்டங்கள்.

ஆட்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து இரண்டு பலகையிலும் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் நுனியில் இரும்பு மாட்டிய நீளமான கழி. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று கழியை ஆற்றின் அடியில் ஊன்றி, மேல்முனையைத் தோள்குழியில் கொடுத்து, முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து நடக்க வேண்டும். நடை என்று சொல்கிறேனே தவிர, கைகள் பலகையைத் தொடும் அளவுக்குக் குனிந்து கிட்டத்தட்ட தவழ்வதுதான். ஆள் பின்பக்கம் போகப்போக, அவர் காலடியிலிருக்கும் படகு முன்னால் நகர்கிறது. வரிசை பின்முனைக்கு வந்ததும் சுக்கான் பிடிக்கிறவர் குரல் கொடுப்பார். உடனே கழியைத் தூக்கிக்கொண்டு அணியத்துக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் தாமதித்தால், இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறிய தூரத்தை ஆறு பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தோளில் தோல் உரிந்து ரணமாகும், அப்புறம் காய்ப்புக் காய்த்துவிடும்.

ஆழம் அதிகமாகிக் கழி எட்டாவிட்டால் வடம். ஆயிரம் அடி நீளம்வரை கயிறு. ஒரு முனை பாய்மரத்தில், மறு முனை கரையில் இறங்கிய ஆட்களின் தோளில். அந்தக் கரை என்பது நடைபாதை இல்லை. சேறு, முள், விழுந்த மரம், பாம்பு, சில சமயம் இடுப்பளவு தண்ணீர். கரையும் சரியில்லையா, படகை ஓரமாக ஒட்டி, தாழத் தொங்கும் கிளைகளைப் பிடித்துப் பிடித்து இழுத்து முன்னேறுவார்கள். காற்று தோதாக அடித்தால் பாய், அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறை மாதிரி. ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் ஏறினால் நல்ல நாள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் வரை சுமார் மூன்று மாதம், பிட்ஸ்பர்க் வரை என்றால் நாலு மாதத்துக்கும் மேலே.

இதைப் படித்துவிட்டு ‘மிதந்து போவதில் என்ன வீரம்’ என்று இன்னொரு கடிதம் எழுத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: எவ்வளவு குடிப்பார்?

பதில்: இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர் விஸ்கி குடித்தாலும் நடையிலும் பேச்சிலும் ஒன்றும் தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் எவ்வளவு குடித்திருந்தார் என்பதை எழுதி வைக்கவில்லை.

கேள்வி: ‘பாதி குதிரை, பாதி முதலை’ என்று அவர் தன்னையே சொல்லிக்கொள்வாராமே?

பதில்: அவர் மட்டுமில்லை, ஆற்றில் இருந்த அத்தனை படகுக்காரர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். நிலத்தில் குதிரை, நீரில் முதலை, எங்கே வந்தாலும் என்னிடம் ஆகாது என்று அர்த்தம். மைக்குக்குத் தனியாக இரண்டு பட்டங்கள் உண்டு. ஒஹையோவில் ‘கடிக்கிற ஆமை’. மிசிசிப்பியில் ‘ஸ்னாக்’. ஸ்னாக் என்றால் ஆற்றடியில் வேரூன்றி நின்று, மேலே வரும் படகின் வயிற்றைக் கிழிக்கிற செத்த மரம். படகுக்காரர்கள் ராத்திரித் தூக்கத்தில்கூடப் பயந்தது அதற்குத்தான். அதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார் பாருங்கள்.

படகுத்துறையில் சண்டை ஆரம்பிக்கும் முன் சவடால் விடுவது கட்டாயச் சடங்கு. எகிறிக் குதித்து, இரண்டு குதிகாலையும் காற்றில் தட்டி, கையைச் சிறகாக அடித்துச் சேவல் மாதிரி கூவி, ஓட்டத்தில், தாண்டலில், சுடுவதில், குடிப்பதில், அடிதடியில் இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் என்னை மிஞ்ச ஒருவன் இருந்தால் வரச்சொல் என்று மூச்சுவிடாமல் முழங்குவது. எதிராளியும் பதிலுக்கு முழங்குவார். முழக்கம் முடிந்தால் அடி. அந்த அடியில் விதி எதுவும் கிடையாது, காதைக் கடிக்கலாம், கண்ணைத் தோண்டலாம். எல்லோரையும் ஜெயித்தவர் தொப்பியில் சிவப்பு இறகு செருகிக்கொள்ளலாம். மைக்கின் தொப்பியில் அது இருந்ததாகக் கதை.

மார்க் ட்வைன் 1883-இல் வெளியிட்ட மிசிசிப்பி புத்தகத்தில் இந்தச் சவடாலை நேரில் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். இரண்டு பேர் பூமியே அதிரும்படி பீற்றிக்கொள்கிறார்கள், ஆனால் கைகலக்கும் நேரம் வந்ததும் இரண்டு பேரும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் கருத்த மீசைக் கிருதாவோடு ஒரு குள்ளமான ஆள் எழுந்து வந்து இரண்டு பேரையும் சாத்திவிட்டுப் போகிறார். எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

மைக்கும் ராட்சத உருவம் ஒன்றுமில்லை. பழைய விவரம் ஒன்றில் உயரம் ஐந்து அடி ஒன்பது அங்குலம், எடை 180 பவுண்டு என்று இருக்கிறது. அதாவது 82 கிலோ. வாட்டசாட்டமான ஆள், அவ்வளவுதான்.

கேள்வி: கொலை, அடிதடி எல்லாம் இருக்கட்டும். சிரிக்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்களேன், என் பையன் தூங்கும்போது சொல்ல வேண்டும்.

பதில்: ஆட்டுக் கதை சொல்கிறேன். இதில் கொஞ்சம் திருட்டு இருக்கிறது, பரவாயில்லையா?

ஒஹையோவில் படகு கீழே போய்க்கொண்டிருக்கிறது. கரையில் கொழுகொழுவென்று ஒரு மந்தை. படகில் சாப்பிட உருப்படியாக எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்குவது மைக்கின் பழக்கமும் இல்லை. படகைக் கரையில் கட்டிவிட்டு, சரக்கிலிருந்து கொஞ்சம் மூக்குப்பொடியை எடுத்துக்கொண்டு போய், ஐந்தாறு ஆடுகளைப் பிடித்து மூக்கிலும் மூஞ்சியிலும் நன்றாக அப்பிவிட்டு வந்தார். வந்ததும் ஓர் ஆளை அனுப்பி, உங்கள் ஆடுகளுக்கு என்னமோ ஆகிவிட்டது, ஓடி வாருங்கள் என்று பண்ணைக்காரருக்குச் சொல்லியனுப்பினார்.

பண்ணைக்காரர் வந்து பார்த்தால், ஆடுகள் தும்முகின்றன, தரையில் மூக்கைத் தேய்க்கின்றன, துள்ளுகின்றன, ஒன்றையொன்று முட்டுகின்றன. மனிதர் வெலவெலத்துப் போனார். மைக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இது கருங்கொள்ளை நோய், ஆற்றில் மேலே எல்லா மந்தையிலும் இதே கதைதான், இந்த ஐந்தாறை உடனே சுட்டுத் தள்ளாவிட்டால் உங்கள் மந்தை முழுக்கக் காலி என்றார். நல்ல ஆட்டுக்கு நடுவில் நோய் ஆட்டை மட்டும் குறிபார்த்து யார் சுடுவது என்று பண்ணைக்காரர் அழாத குறை. மைக் சுடுவார்தான், ஆனால் மனசு வரவில்லையாம், ஒருவேளை நோய் இல்லாமலும் இருக்கலாம், வேறு யாரையாவது கேட்டுப் பாருங்களேன் என்று இழுத்தார். பண்ணைக்காரர் கெஞ்சினார். கடைசியில் இரண்டு காலன் பழைய பீச் பிராந்தி தருகிறேன் என்றதும் மைக்குக்கு மனசு வந்துவிட்டது.

சுட்டு, ஆற்றுச் சுழலில் தள்ளிவிட்டார்கள். இருட்டியதும் படகு ஆட்கள் அதே சுழலிலிருந்து அவற்றை எடுத்துப் படகில் போட்டுக்கொண்டார்கள். விடிவதற்குள் கறியும் பிராந்தியுமாகப் படகு பல மைல் தள்ளிப் போய்விட்டது. பண்ணைக்காரர் பிழைத்தோம் என்று நன்றியோடு தூங்கியிருப்பார்.

கேள்வி: தலையில் குவளையை வைத்துச் சுடுவது வில்லியம் டெல் கதையின் காப்பி மாதிரி இருக்கிறதே?

பதில்: நல்ல சந்தேகம். சுவிட்சர்லாந்து டெல் கதையில் மகன் தலையில் ஆப்பிள், இங்கே கூட்டாளி தலையில் விஸ்கி நிரம்பிய தகரக் குவளை. அச்சு அசலாக ஒட்டுகிறது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. மைக் செத்த செய்தியை வெளியிட்ட செயின்ட் லூயிஸ் பத்திரிகையே, இன்னொருவர் தலையிலிருந்து தகரக் குவளையைச் சுட்டு வீழ்த்துவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று சொல்கிறது. கதாசிரியர்கள் கை வைப்பதற்கு முன்னால் வந்த செய்தி அது. ஆக விளையாட்டு நிஜம்.

முடியுமா என்றால் முடியும். கதைகளில் தூரம் அறுபது, எழுபது கஜம். பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளக்குழல் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டியிருக்கும், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஈயக்குண்டு அதில் சுழன்றுகொண்டே வெளியே வரும், அதனால் நேராகப் போகும். பழகின கைக்கு அந்தத் தூரத்தில் ஒரு குவளை பெரிய விஷயமில்லை. ஆனால் மருந்தை ஒவ்வொரு முறையும் கையால்தான் அளந்து போடுகிறீர்கள், கீழே நிற்பது நண்பனின் நெற்றி. அதனால்தான் அது திறமைப் போட்டியாக மட்டும் இல்லாமல் நம்பிக்கைப் பரீட்சையாகவும் இருந்தது. குவளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற ஆளுக்குத்தான் என் ஓட்டு.

பிட்ஸ்பர்க்கில் மாட்டைப் பந்தயமாக வைத்துக் குறிபார்க்கும் போட்டி நடக்கும். மாட்டை ஐந்து ‘கால்பங்காக’ப் பிரிப்பார்கள். கணக்கு தப்பில்லை, ஐந்தாவது பங்கு தோலும் கொழுப்பும். மைக் வந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால், நீ சுடாமல் ஒதுங்கி நின்றால் போதும் என்று அந்த ஐந்தாவது பங்கை அவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதையும் அங்கேயே விற்று எல்லோருக்கும் விஸ்கி வாங்கிக் கொடுத்துவிடுவாராம்.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அவரை மெச்சுகிற மாதிரி இருக்கிறது. கொடூரமான ஆள் என்று படித்தேன்.

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இந்தப் பதிலில் மட்டும் ‘அவர்’ போட எனக்கு மனம் வரவில்லை.

பெக் என்ற அவன் மனைவி பக்கத்துப் படகிலிருந்தவனைப் பார்த்தாள் என்று ஒரு கோபம். மஸ்கிங்கம் ஆறு கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே படகைக் கட்டி, கரையில் காய்ந்த பீச் மர இலைகளைக் குவியலாகக் கூட்டி, நடுவில் அவளைப் படுக்கச் சொன்னான். எழுந்தால் சுடுவேன் என்று துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, குவியலைச் சுற்றி நெருப்பு வைத்தான். பொறுக்கும் வரை பொறுத்து, தலைமுடியும் துணியும் எரிய அவள் ஆற்றுக்குள் ஓடி விழுந்தாள். அடுத்த படகுக்காரனைப் பார்த்தால் இதுதான் என்றானாம். செயின்ட் லூயிஸ் கரையில் நின்ற ஒரு கறுப்பினத்தவரின் குதிகால் துருத்திக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை என்று படகிலிருந்தே அதைச் சுட்டெறிந்ததாக இன்னொரு கதை. பூர்வகுடி ஒருவரின் உச்சிக் குடுமியைச் சுட்டு அவமானப்படுத்தியது 1842-இல் வந்த இன்னொன்று.

இவையெல்லாம் அப்படியே நடந்தவையா என்பது வேறு விஷயம். என்னை உறுத்துவது, இவற்றை அன்றைய பத்திரிகைகள் நகைச்சுவைப் பகுதியில் போட்டன என்பதுதான். படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். பெக் என்ன சொன்னாள், அந்தக் குதிகால்காரர் அப்புறம் எப்படி நடந்தார் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆட்டுக் கதையை உங்கள் வீட்டுப் பையனுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆள் நல்லவர் என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள்.

கேள்வி: டேவி க்ராக்கெட்டும் இவரும் நண்பர்களா?

பதில்: க்ராக்கெட் எல்லைப்புற வேட்டைக்காரராகப் பேரெடுத்த நிஜ ஆள். நண்பர்களா என்றால், டிஸ்னி படத்தில் ஆமாம். நிஜத்தில் இருவரும் சந்தித்ததற்கு ஆதாரம் இல்லை. க்ராக்கெட் பெயரில் அப்போது வருடா வருடம் பஞ்சாங்கம் போடுவார்கள், நாள் நட்சத்திரத்தோடு புளுகும் இலவசம். அவர் 1836-இல் டெக்சஸில் அலமோ கோட்டைச் சண்டையில் செத்த பிறகும் இருபது வருடம் அது வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கதை: மைக் தன் மனைவியின் கொண்டைச் சீப்பில் பாதியைச் சுட்டுத் தள்ளிவிட்டு, மீதிப் பாதியை நீ சுடு என்கிறார். பெண்பிள்ளை இருக்கும் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினால் என் கை நடுங்கும், நான் தோற்றேன் என்று க்ராக்கெட் ஒதுங்கிக்கொள்கிறார். எழுதினவருக்கு யார் பெரிய மனிதர் என்பதில் தெளிவு இருந்திருக்கிறது.

1955-இல் டிஸ்னி தொலைக்காட்சியில் இருவருக்கும் படகுப் போட்டி வைத்தார்கள். தோற்றுப்போய்த் தொப்பியைக் கடித்துத் தின்னும் ஜாலியான முரடனாக மைக்கை ஆக்கியது அதுதான். அதே வருடக் கடைசியில் டிஸ்னிலேண்டில் அவர் பெயரில் படகுச் சவாரியும் வந்தது, 1997-இல் ஒரு படகு ஆட்களோடு கவிழும் வரை ஓடியது.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு அந்த வயதில் ஏன் மிசௌரிக்குப் போனார்?

பதில்: தொழில் ஓடவில்லை, அதனால்தான். 1811-இல் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற நீராவிப் படகு பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி அடுத்த ஜனவரியில் அதே பெயருள்ள ஊரில் போய் நின்றது. கீழே வந்ததில் ஆச்சரியமில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். 1817-இல் ‘வாஷிங்டன்’ என்ற நீராவிப் படகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில்லுக்கு 25 நாளில் ஏறியது. மேலே சொன்னேனே, கழி ஊன்றி வந்தால் மூன்று மாதம். அந்த 25 நாள் கணக்கு படகுத்துறைகளில் பரவியபோது, தோளில் காய்ப்புக் காய்த்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்திருக்கும்.

மிசௌரியின் மேல்பகுதிக்கு நீராவி இன்னும் போகவில்லை. 1822 பிப்ரவரியில் வில்லியம் ஆஷ்லி, மிசௌரியின் தலைப்பு வரை போக நூறு இளைஞர்கள் தேவை என்று செயின்ட் லூயிஸில் விளம்பரம் கொடுத்தார். நீர்நாய் மாதிரி இருக்கும் பீவரின் தோலுக்காக. ஜிம் பிரிட்ஜர், ஜெடடாயா ஸ்மித் என்று பிற்பாடு பெயரெடுத்தவர்கள் எல்லாம் அதில் போன பையன்கள். நாற்பதைத் தாண்டிய மைக்கும் கார்ப்பென்டர், டால்பட் என்ற இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டார். யெல்லோஸ்டோன் ஆறு மிசௌரியில் கலக்கிற இடத்தில், இன்றைய மொன்டானா, வடக்கு டகோட்டா எல்லையை ஒட்டி, ஆஷ்லியின் பங்காளி ஆண்ட்ரூ ஹென்றி கோட்டை கட்டினார்.

அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே 1832-இல் ஒரு நீராவிப் படகு வந்து நின்றது. ஒன்பது வருடம் தாமதமாக.

கேள்வி: அவர் செத்தது எப்படி? வேறு வேறு மாதிரி சொல்கிறார்களே, எதை நம்புவது?

பதில்: முதலில் பத்திரிகை. ‘மிசௌரி ரிபப்ளிகன்’, 1823 ஜூலை 16. ஆஷ்லி கூட்டத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை வைத்துச் சின்னதாக ஒரு பத்தி. மைக் ஃபிங்க் வழக்கமான குவளை விளையாட்டில் இருந்தபோது, குறி தாழ்ந்தோ வேறு காரணத்தாலோ குண்டு கூட்டாளியின் நெற்றியில் பட்டு அவர் செத்தார். இன்னொருவர் தட்டிக் கேட்க, உன்னையும் கொல்வேன் என்றார் மைக். உடனே அவர் கைத்துப்பாக்கியை எடுத்து மைக்கை அங்கேயே சுட்டுவிட்டார். சுட்டவர் பெயர் இன்னும் தெரியவில்லை. செய்தி முடிந்தது.

நெவில் எழுதியதில் மைக் அன்றைக்கு அளவுக்கு மீறிக் குடித்திருந்தார், குறி தப்பியது. வேண்டுமென்றேதான் சுட்டார் என்று சந்தேகப்பட்டு, செத்தவரின் நண்பர் மைக்கை மறுபடி துப்பாக்கி நிரப்ப விடாமல் சுட்டார்.

1829-இல் வந்த மூன்றாவது விவரம்தான் எல்லோருக்கும் பிடித்தது, அதில்தான் நாடகம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க மைக்குக்கும் கார்ப்பென்டருக்கும் சண்டை, காரணம் ஒரு பூர்வகுடிப் பெண் என்று பேச்சு. வசந்தத்தில் சமாதானம். அதற்கு அடையாளமாகக் குவளை விளையாட்டு. யார் முதலில் சுடுவது என்று செப்புக்காசைச் சுண்டினார்கள், மைக்குக்கு விழுந்தது. கார்ப்பென்டருக்கு மைக்கைத் தெரியும். இன்றைக்கு நான் பிழைக்கப் போவதில்லை என்று புரிந்துகொண்டு, மறுத்தால் மானம் போய்விடும் என்பதால் மறுக்காமல், தன் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, வர வேண்டிய கூலி எல்லாவற்றையும் டால்பட்டுக்கு என்று வாயால் எழுதி வைத்துவிட்டு, குவளையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

மைக் குறிபார்த்தார். துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தி, தலையை ஆட்டாதே கார்ப்பென்டர், விஸ்கி கொட்டிவிடப் போகிறது, எனக்கு அப்புறம் வேண்டும் என்று சிரித்தார். மறுபடி உயர்த்திச் சுட்டார். கார்ப்பென்டர் சத்தமில்லாமல் விழுந்தார். குண்டு கண்களுக்கு ஒன்றரை அங்குலம் மேலே, நடு நெற்றியில். மைக் துப்பாக்கிக் குழலை வாயில் வைத்துப் புகையை ஊதினார், அது வானத்துக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, ‘விஸ்கியைக் கொட்டிவிட்டாயே, கார்ப்பென்டர்!’ என்றார். ஆள் செத்துவிட்டான் என்று சொன்னதும், குவளையின் கரும்புள்ளியைத்தான் குறிவைத்தேன் என்று துப்பாக்கியையும் மருந்தையும் குண்டையும் கடைசியில் தன்னையும் திட்டினாராம். பல மாதம் கழித்து, குடித்துவிட்டு, வேண்டுமென்றேதான் கொன்றேன், சந்தோஷம் என்று உளறினார். கேட்டுக்கொண்டிருந்த டால்பட், கார்ப்பென்டர் விட்டுப்போன அதே கைத்துப்பாக்கியால் மைக்கின் நெஞ்சில் சுட்டார்.

எதை நம்புவது? பத்திரிகையில் ‘அங்கேயே’ சுட்டார்கள், 1829-இல் ‘மாதங்கள் கழித்து’ சுட்டார்கள். இரண்டும் சேராது. நடந்து சில வாரங்களில் வந்த பத்திரிகைச் செய்தியைத்தான் நான் நம்புவேன். அதில் பெண் இல்லை, காசு சுண்டல் இல்லை, பரம்பரைக் கைத்துப்பாக்கி இல்லை, விஸ்கி வசனமும் இல்லை. ஆனால் நாடகத்தின் எலும்பெல்லாம் அதிலேயே இருக்கிறது: குவளை, நெற்றி, கைத்துப்பாக்கி. குறி தாழ்ந்தது தற்செயலா என்பதைப் பத்திரிகையும் திறந்தே விட்டுவிட்டது, ‘வேறு காரணத்தாலோ’ என்ற ஒரு சொல்லோடு. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் புகுந்துதான் கதை எழுதினார்கள். ஜோசஃப் ஃபீல்ட் 1840-களில் எழுதியபோது கார்ப்பென்டர் மைக்குக்குப் பெற்ற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

கேள்வி: அவர் பெயர் இன்றைக்கு எங்கேயாவது இருக்கிறதா?

பதில்: சின்சினாட்டிக்கு எதிர்க்கரையில், கென்டக்கி மாநிலக் கோவிங்டனில், ஒரு படகுக்கு ‘மைக் ஃபிங்க்’ என்று பெயர் வைத்து உணவகம் நடத்தினார்கள். பின்னால் சக்கரம் வைத்த பழைய நீராவிப் படகு! வேறு படகே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கேள்வி: டால்பட்டுக்குத் தண்டனை கிடைத்ததா?

பதில்: யார் கொடுப்பது? பக்கத்து நீதிமன்றம் ஆற்றில் ஆயிரம் மைலுக்கும் கீழே. அதே 1829 விவரத்தின்படி, அரிக்கரா என்ற பூர்வகுடி மக்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு டீட்டன் ஆற்றை நீந்திக் கடக்கப் பார்த்து டால்பட் மூழ்கிப் போனார். கார்ப்பென்டரின் கைத்துப்பாக்கி அப்போது அவர் இடுப்பில் இருந்ததா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். அதை அந்த விவரமும் சொல்லவில்லை.